பழைய மோட்டாரும் ஆடிக் காற்றும்: வாசகர் கேள்வி – பதில்

தோட்டத்துக் கிணற்றடியில் துருப்பிடித்துக் கிடக்கும் மோட்டாரைக் காற்றில் சுற்றவிட்டு மின்சாரம் எடுக்க முடியுமா என்று சென்ற மாதம் ஒருவர் கேட்டதற்கு, "முடியும், ஆனால் நீங்கள் நினைக்கிற மோட்டாரில் அல்ல" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி போதவில்லை என்பதை வந்து குவிந்த கடிதங்கள் காட்டிவிட்டன. ஆகவே இந்த மாதம் முழுவதும் இந்தப் பேச்சுத்தான்.

ஐயா, எங்கள் ஊர் மாவு மில்லை மூடியபோது 1 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்றை எடைக்கு வாங்கினேன். காயில் நன்றாக இருக்கிறது. டிரில்லிங் மெஷினைத் தண்டில் கோத்துச் சுற்றிப் பார்த்தால் மல்டிமீட்டரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. முப்பந்தல் காற்றாலைக்குள் இருப்பதும் இதே வகை மோட்டார்தான் என்று என் மைத்துனர் சாதிக்கிறார். என்னுடையதில் மட்டும் ஏன் மின்சாரம் வரவில்லை? – சேடபட்டி வாசகர்

உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகளை நிறுத்தியபோது வந்த 55 கிலோவாட் இயந்திரங்களும், பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரிசையாக எழுந்தவற்றில் பெரும்பாலானவையும் இண்டக்ஷன் வகை ஜெனரேட்டர் கொண்டவையே. ஆனால் அவற்றுக்கு உங்களிடம் இல்லாத இரண்டு துணைகள் உண்டு. மெதுவாகச் சுற்றும் பெரிய இறக்கையின் வேகத்தை ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு உயர்த்தித் தரும் கியர் பெட்டி ஒன்று. காயிலைக் காந்தமாக்குவதற்கான மின்சாரத்தைக் கொடுக்கும் மின்வாரியக் கம்பி மற்றொன்று. இண்டக்ஷன் மோட்டாரின் ரோட்டாருக்குள், அதாவது உள்ளே சுற்றும் பகுதிக்குள், காந்தம் கிடையாது. இரும்புத் தகடுகளும் அவற்றுக்கு ஊடே வார்த்த அலுமினியக் கம்பிகளுமே இருக்கின்றன. நீங்கள் பார்த்த அந்த ஒரு வோல்ட், இரும்பில் எப்போதோ தங்கிப்போன மிச்சக் காந்தத்தின் வேலை.

மூன்று கண்டன்சர்களை டெல்டாவில் (முக்கோண இணைப்பில்) கட்டி அந்த மிச்சக் காந்தத்தை வளர்த்தெடுக்கும் வழி ஒன்று உண்டு. ஆயில் என்ஜினிலும் மலையோடைத் தண்ணீரிலும் அது நன்றாகவே நடக்கிறது, ஏனென்றால் அங்கே 1,500 சுற்று குறையாமல் கிடைக்கும். காற்றில் அப்படி இல்லை. முனைக்கு முனை 2 மீட்டர் உள்ள மூன்று இறக்கைச் சக்கரம், நொடிக்கு 5 மீட்டர் காற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 290 சுற்றுத்தான் சுற்றும். வேகம் பாதியானால் கண்டன்சர் நான்கு மடங்கு வேண்டும் என்பது கணக்கு. ஐந்தில் ஒரு பங்கானால் இருபத்தைந்து மடங்கு. அவ்வளவு கண்டன்சரை வாங்கிக் கட்டினாலும் காயில் உயிர்பெறும் என்று சொல்ல முடியாது. பெல்ட்டும் புல்லியும் போட்டு வேகத்தை ஏற்றலாமே என்று தோன்றும். இருபது வாட், முப்பது வாட் கிடைக்கிற இடத்தில் பெல்ட்டே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

எஞ்சியிருப்பது ரோட்டாரில் காந்தம் பதிக்கும் வழி. ரோட்டாரை லேத்தில் மாட்டி, காந்தத்தின் தடிமனும் அதற்கு மேல் அரை மில்லிமீட்டர் இடைவெளியும் கிடைக்கும் அளவுக்குக் கடைந்து, நியோடிமியம் காந்தங்களை வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி நான்கு வரிசையாக ஒட்ட வேண்டும். நான்கு என்பது உங்கள் மோட்டார் 1,440 சுற்று மோட்டார் என்றால்தான்; 960 சுற்று மோட்டாராக இருந்தால் ஆறு வரிசை. காந்த வரிசையைத் தண்டுக்கு நேராக ஒட்டாமல், ஸ்டேட்டரின் (காயில் சுற்றிய, அசையாத வெளிப்பகுதியின்) ஒரு பள்ளத்து அகலம் அளவுக்குச் சாய்த்து ஒட்டச் சொல்லுங்கள். நேராக ஒட்டினால் ஒவ்வொரு பல்லிலும் ரோட்டார் பிடித்து நிற்கும், இளங்காற்றில் சக்கரம் கிளம்பவே கிளம்பாது. ஒட்டிய பிறகு கண்ணாடியிழை நாடாவைச் சுற்றி எப்பாக்சி பூசிவிட வேண்டும். சாதாரண வகை நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் பலம் இழந்துவிடும் என்பதால், பட்டறையில் வெல்டிங் வேலையை எல்லாம் காந்தம் ஒட்டுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கம் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் லேத் வைத்திருப்பவர்களுக்கு இது அரைநாள் வேலை. விரலை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு காந்தங்களுக்கு நடுவே நகம் மாட்டினால் திரும்பக் கிடைக்காது.

இத்தோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், காயில் கட்டிப் பழகியவன் என்பதால் எனக்கு அங்கேதான் கவலை தொடங்குகிறது. 415 வோல்ட்டில் ஓடும் 1 எச்.பி. மோட்டார் ஏறத்தாழ 2 ஆம்பியர்தான் இழுக்கும், அதற்கேற்ற மெல்லிய கம்பியைத்தான் அதில் சுற்றியிருப்பார்கள். காந்தம் பதித்த பிறகு மோட்டார் ஜெனரேட்டராக மாறினாலும் கம்பியின் தடிமன் மாறவில்லை அல்லவா? 12 வோல்ட் பேட்டரிக்குள் அந்தக் கம்பி வழியே சுமார் இரண்டரை ஆம்பியர்தான் தள்ள முடியும். அதாவது முப்பது வாட். சூறாவளியே அடித்தாலும் அதற்கு மேல் போனால் காயில் சூடேறும். நான்கு பேட்டரிகளைத் தொடராகக் கட்டி 48 வோல்ட்டாக்கினால் அதே கம்பி 120 வாட் வரை தரும். 12 வோல்ட்தான் வேண்டும் என்றால் காயிலைப் பிரித்துவிட்டு, பழைய சுற்று எண்ணிக்கையில் கால் பங்கு மட்டும், பழைய கேஜ் கம்பியையே நான்கு இழை சேர்த்துப் பிடித்துச் சுற்றச் சொல்லுங்கள். ஒரு காயிலில் 80 சுற்று இருந்திருந்தால் இப்போது நான்கு இழையாக 20 சுற்று. தடித்த ஒற்றைக் கம்பியைப் பள்ளத்துக்குள் இறக்க முயன்று இன்சுலேஷனைக் கிழித்துக்கொள்வதைவிட இது எளிது, பள்ளமும் முன்பு போலவே நிறையும். எப்படியும் காயிலை மாற்றத்தான் போகிறீர்கள் என்பதால், எரிந்துபோன மோட்டாரை அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தாலும் உங்களுக்கு நட்டம் வந்திருக்காது.

ஐயா, பழைய இரும்புக் கடையில் மிக்சி, சீலிங் ஃபேன், வாஷிங் மெஷின், கார் வைப்பர், கார் ஆல்டர்னேட்டர் என்று எல்லா மோட்டாரும் கிடக்கின்றன. எதை எடுக்கலாம்? – மேலூர் வாசகர்

கடைக்குப் போகும்போது மல்டிமீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மோட்டாரின் ஏதேனும் இரண்டு கம்பிகளில் மீட்டரை மாட்டி ஏ.சி. அளவில் வைத்து, தண்டைக் கையால் நொடிக்கு இரண்டு சுற்று வீதம், "ஒன்று, ஒன்று" என்று எண்ணிக்கொண்டே ஒரே சீராகச் சுற்றுங்கள். அது நிமிடத்துக்கு 120 சுற்று. மீட்டர் 4 வோல்ட் காட்டினால் 300 சுற்றில் 10 வோல்ட் வரும். மூன்று ஃபேஸாக இருந்தால், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் டையோடு பிரிட்ஜுக்குப் பின் அது 13 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஆகும். 12 வோல்ட் பேட்டரியில் ஏறத் தொடங்குவதற்கு அதுவே கீழெல்லை. அடுத்து, எல்லாக் கம்பிகளின் நுனியையும் ஒன்றாக முறுக்கிவிட்டு மறுபடி சுற்றுங்கள். காந்தம் உள்ள நல்ல மோட்டார் என்றால் ஊறிய உளுந்து நிறைந்த ஆட்டுக்கல்லைச் சுற்றுவது போலத் தண்டு கனக்கும். முன்பு போலவே லகுவாகச் சுற்றினால் மோட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள்.

இந்தச் சோதனையில் மிக்சி உடனே தோற்றுவிடும். அதற்குள் காந்தமும் இல்லை, அதன் வேகமும் வேறு உலகத்தைச் சேர்ந்தது. சாதாரண சீலிங் ஃபேனும் பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினும் இண்டக்ஷன் வகை, சேடபட்டி அன்பருக்குச் சொன்னதெல்லாம் அவற்றுக்கும் பொருந்தும். வைப்பர் மோட்டாரில் காந்தம் உண்டு, ஆனால் அதன் புழுப்பல் கியரை வெளித்தண்டிலிருந்து திருப்ப முடியாது. கார் ஆல்டர்னேட்டரைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அது ஆயிரம் சுற்றுக்கு மேல்தான் உருப்படியாக வேலை செய்யும். அதோடு காந்தத்துக்குப் பதிலாக அதற்குள் இருக்கும் ஃபீல்டு காயிலுக்கென்றே பேட்டரியிலிருந்து இரண்டு முதல் நான்கு ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் கிடைப்பதே அவ்வளவுதான் என்பதால், பந்திக்கு இலை போடும் முன்பே சமையல்காரர் சாப்பிட்டு எழுந்துவிட்ட கதையாகப் போய்விடும்.

பெல்ட் இல்லாமல் டிரம்மை நேராகச் சுற்றும் டைரக்ட் டிரைவ் வகை வாஷிங் மெஷின் மோட்டார் கண்ணில் பட்டால் விடாதீர்கள். நிறையக் காந்தத் துருவங்கள் உள்ளது, மெதுவான வேகத்திலேயே வோல்ட் தரும். காந்தம் வைத்த பி.எல்.டி.சி. சீலிங் ஃபேனும் அதே இனம், ஆனால் முப்பது வாட் ஃபேன் என்பதால் பேரிங் மெலிது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் போதும். என்னைக் கேட்டால் கழித்துப்போட்ட மின்சார ஸ்கூட்டரின் சக்கர மோட்டாரைத் தேடுங்கள் என்பேன். காந்தம், மூன்று ஃபேஸ் காயில், எடை தாங்கும் தண்டு, மழைநீர் புகாத மூடி எல்லாம் சேர்ந்தே வரும். இறக்கையை அதன் வெளிச்சக்கரத்திலேயே போல்ட் போட்டு மாட்டிவிடலாம். உள்ளே கியர் இல்லாத வகைதானா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். கியர் வைத்த வகையில் ஒரு பக்கம் சுற்றினால் சைக்கிள் ஃப்ரீவீல் போலச் சக்கரம் மட்டும் சுற்றும், மோட்டார் நின்றுகொண்டிருக்கும்.

ஒரு மோட்டாரை ஓடவிட்டு அதனால் ஜெனரேட்டரைச் சுற்றி, வரும் மின்சாரத்தில் அதே மோட்டாரை ஓட்டினால் காற்றே தேவையில்லையே? – வாடிப்பட்டி மாணவர்

கிணற்றுத் தண்ணீரை இறைத்து அதே கிணற்றில் ஊற்றினால் நீர்மட்டம் ஏறுமா, தம்பி? வழியில் சிந்துவதுதான் மிச்சம். இங்கே சிந்துவது சூடாக வெளியே போகிறது.

ஐயா, காற்றாடி ஒன்று வைத்தால் எங்கள் வீட்டு மின்கட்டணம் எவ்வளவு குறையும்? மாடியில் சூரியத் தகடும் வைக்க இடம் இருக்கிறது. – டி.கல்லுப்பட்டி ஆசிரியை

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம், நீங்கள் வகுப்பிலும் பயன்படுத்திக்கொள்ளலாம். 2 மீட்டர் சக்கரம் வாரும் பரப்பு 3.14 சதுர மீட்டர். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் அந்தப் பரப்பைக் கடக்கும் காற்றில் சுமார் 115 வாட் திறன் இருக்கிறது. அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானியரான ஆல்பர்ட் பெட்ஸ் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நிறுவியிருக்கிறார். வீட்டில் செய்த இறக்கை, பேரிங், காயில், டையோடு ஆகியவற்றில் போவது போக ஐந்தில் ஒரு பங்கு கைக்கு வந்தால் நல்ல வேலை என்று சொல்லலாம். அதாவது இருபது வாட்டுக்குச் சற்று மேல். அந்தக் காற்று இரவு பகல் நிற்காமல் அடித்தால்கூட ஒரு நாளைக்கு அரை யூனிட், இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாகவே கிடைக்கிற தமிழ்நாட்டில், இதற்காகக் கம்பம் நட்டால் போட்ட காசு திரும்பி வராது.

காற்றின் வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்காகும் என்பதுதான் இதில் ஆசை காட்டும் இடம். அதே சக்கரம் நொடிக்கு 8 மீட்டர் காற்றில் 180 வாட்டைத் தொட்டுவிடும். அந்தக் காற்று தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் புகுந்து வருகிறது; தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி உசிலம்பட்டிப் பக்கம் வரும்போது அதன் மிச்சம் கிடைக்கும். மதுரையைத் தாண்டிக் கிழக்கே போகப் போக அந்த வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்து மனத்தேற்றல் கொள்கிறவர்கள், அதில் பெரும்பாலும் இருப்பது 100 மீட்டர் உயரத்துக்கும் அதற்கு மேலும் உள்ள வேகம் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் கம்பம் பத்து மீட்டர்.

உங்கள் இடத்தை நீங்களே அளக்க, ஆனி பிறந்ததிலிருந்து ஒரு நோட்டில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் குறித்துவாருங்கள். வேப்ப மரத்தின் இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்தால் நொடிக்கு 3.4 முதல் 5.4 மீட்டர். புழுதியும் காகிதமும் கிளம்பிச் சிறு கிளைகள் ஆடினால் 5.5 முதல் 7.9. ஒரு மாதக் குறிப்பில் புழுதி நாள் பத்துக்கூடத் தேறவில்லை என்றால் சூரியத் தகட்டை வாங்கிவிடுங்கள். 100 வாட் தகடு மதுரை வெயிலில் நாளொன்றுக்கு 0.4 யூனிட் அளவுக்குத் தரும், அதற்குப் பேரிங்கும் இல்லை, கம்பமும் இல்லை. இணைப்பே இல்லாத தோட்டத்துக் குடிசையில், வானம் மூடிக் காற்று மட்டும் அடிக்கிற ஆடி மாத இரவுகளில் இரண்டு எல்.இ.டி. விளக்கு எரியவும் கைபேசி ஏறவும் வேண்டும் என்கிறவர்களுக்கே இந்தக் காற்றாடி உதவும்.

வீட்டில் சும்மா இருக்கும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலரையே காற்றாடிக்கும் மாட்டிக்கொள்ளலாமா? – அலங்காநல்லூர் வாசகர்

கூடாது. பேட்டரி நிறைந்ததும் சோலார் கன்ட்ரோலர் தகட்டின் இணைப்பைத் துண்டித்துவிடும். துண்டிக்கப்பட்ட தகடு வெயிலில் சும்மா காய்ந்துகொண்டிருக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை. காற்றாடியைத் துண்டித்தால் அதன் மேல் இருந்த பளு முழுவதும் போய்விடுவதால் சக்கரம் தறிகெட்டுச் சுற்றத் தொடங்கும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். எழுமலைப் பக்கம் என் மாமனார் தோட்டத்தில் நான் முதன்முதலாக நட்ட காற்றாடிக்கு ஆறு அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து இறக்கை செய்திருந்தேன். ஆடி மாதம் ஓர் இரவு, பேட்டரி டெர்மினலில் வெள்ளையாக உப்புப் பூத்து, அதற்குள் கிளாம்ப் தளர்ந்து கழன்றிருக்கிறது. பளு போன சக்கரம் எழுப்பிய சத்தத்தில் மாடுகள் கட்டுத்தறியை இழுத்துக்கொண்டு நின்றன. நான் டார்ச்சோடு ஓடிவருவதற்குள் ஓர் இறக்கை அடியோடு முறிந்து, மாட்டுக்கொட்டகையின் மண்சுவரில் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி நின்றது. மாமனார் என்னை ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் காலை அந்த இறக்கையைப் பிடுங்காமல் அப்படியே விட்டு அதில் மண்வெட்டியை மாட்டி வைத்தார். 2 மீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்றை எட்டினால் இறக்கை முனையின் வேகம் மணிக்கு 226 கிலோமீட்டர் என்ற கணக்கைப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

ஆகவே பேட்டரி நிறைந்ததும் மின்சாரத்தை வேறொரு பளுவுக்குத் திருப்பிவிடும் கன்ட்ரோலர்தான் வேண்டும். அந்தப் பளு ஹீட்டர் கம்பியாகவோ, சேர்த்துக் கட்டிய கார் ஹெட்லைட் பல்புகளாகவோ இருக்கலாம். காற்றாடி தரக்கூடிய முழுத் திறனையும் தாங்க வேண்டும் என்பதே விதி. 415 வோல்ட் காயிலைப் பிரிக்காமல் காந்தம் மட்டும் பதித்தவர்கள் இன்னும் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். பளு இல்லாமல் 1,000 சுற்று போனால் கம்பிகளுக்கிடையே 250 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். 12 வோல்ட் சமாச்சாரம்தானே என்று வெறுங்கையால் தொட்டால் ஆளையே அடித்துவிடும். எந்த நிலையிலும் இதை வீட்டு வயரிங்கோடு இணைக்காதீர்கள். கரண்ட் போன நேரத்தில் கம்பத்தில் ஏறி நிற்கும் வாரிய ஊழியர் உங்கள் மின்சாரத்தை எதிர்பார்க்க மாட்டார்.

இறக்கைக்கு இப்போது மரத்தைத்தான் சொல்கிறேன். பி.வி.சி. நம் வெயிலில் ஒன்றிரண்டு கோடைக்குள் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். குமிழ் மரம் லேசாகவும் முறுக்கிக்கொள்ளாமலும் இருக்கும். மூன்று இறக்கையையும் மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, கனத்ததைச் சீவிச் சமமாக்குங்கள்.

மொட்டை மாடியில் வைக்கலாமா? – திருமங்கலம் வாசகர்

வைத்தவர்கள் ஒரு வாரத்தில் இறக்கிவிட்டார்கள். அதிர்வு சுவர் வழியே இறங்கிப் படுக்கையறையில் உறுமும்; மாடிச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் மோதிச் சுழலும் காற்று இறக்கைக்கும் பேரிங்குக்கும் எமன். முந்நூறு அடிச் சுற்றளவில் உள்ள மரம், கட்டிடம் எதையும்விட இருபது முப்பது அடி உயரமாகத் தனிக் கம்பம் நடுங்கள். பத்து மீட்டரை இருபதாக்கினால் திறந்தவெளியில் காற்று வேகம் பத்து விழுக்காடு கூடும், திறன் மூன்றில் ஒரு பங்கு கூடும். கம்பத்திலிருந்து பேட்டரி வரை உள்ள தூரத்தையும் பாருங்கள். 30 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் போனால், போகவர 60 மீட்டரில் இரண்டரை வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 12 வோல்ட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு.

ஓடிக்கொண்டிருக்கும் காற்றாடியைப் பழுதுபார்க்க எப்படி நிறுத்துவது? – உசிலம்பட்டி வாசகர்

மேலே ஏறிக் கையால் பிடிக்க நினைக்காதீர்கள். காற்றாடியிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் டையோடு பிரிட்ஜுக்கு முன்பே ஒன்றாக இணைக்கும் சுவிட்ச் ஒன்றைக் கம்பத்தின் அடியில், நெஞ்சளவு உயரத்தில் வைத்துவிடுங்கள். அதைப் போட்டதும் சக்கரம் தானே அடங்கி, ஊர்ந்து ஊர்ந்து சுற்றும். இதைக் காற்று தணிந்திருக்கும் விடியற்காலையில் செய்ய வேண்டும். பலத்த காற்றில் முழு வேகத்தில் போகும்போது போட்டால் காயில் எரியும், சில சமயம் நிற்கவும் நிற்காது. நின்ற பிறகு இழுகம்பியில் ஒன்றைத் தளர்த்தி, அடியில் கீல் வைத்த கம்பத்தை இரண்டு பேர் பிடித்து மெல்லத் தரையில் சாய்த்து, இறக்கையைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.